பழைய ஸ்பூல் டெக்கை வீட்டு ஸ்டீரியோவுடன் இணைப்பது: அகாய் 4000டிஎஸ், சில கேள்விகள்

மயிலை ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா எழுபதுகளின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த அகாய் 4000டிஎஸ் ஸ்பூல் டெக் (பெரிய சுருள் டேப்பில் பதிந்து கேட்கும் கருவி), இருபது ஆண்டுகளாகப் பரண்மேல் பழைய வேட்டி சுற்றிக் கிடந்தது. அவருடைய வீட்டை இடித்துக் கட்டப்போவதால் சென்ற மாதம் அது என்னிடம் வந்து சேர்ந்தது. அதனுடன் ஏழு அங்குல ஸ்பூல்கள் பதினான்கும் வந்தன. பன்னிரண்டு பெட்டிகளின் முதுகில் ராகம், தாளம், சபா, தேதி எல்லாம் பெரியப்பாவின் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கின்றன. மீதமுள்ள இரண்டில் "வீடு" என்பதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை.

என்னிடம் இருப்பது எழுபதுகளைச் சேர்ந்த ஒரு ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). அதன் பின்பக்கத்தில் ஃபோனோ, டியூனர், ஆக்ஸ், டேப் பிளே, டேப் ரெக் என்று சாக்கெட்டுகள் இருக்கின்றன. முன்பக்கத்தில் டேப் மானிட்டர் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. டெக்கின் பின்பக்கத்தில் லைன் இன், லைன் அவுட் என இரண்டு ஜோடி ஆர்சிஏ சாக்கெட்டுகளும், அருகில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான டின் சாக்கெட் ஒன்றும் உள்ளன. எதை எதில் செருக வேண்டும்? டின் சாக்கெட்டைப் பயன்படுத்தினால் ஒலி மேம்படுமா? இன்னும் எதையும் மின்சாரத்தில் செருகவில்லை.

திருகாணி

செருகாமல் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நாற்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பெரும்பாலானோர் புகை வந்த பிறகுதான் கேட்பார்கள்.

கேபிள் வேலை எளிது. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒரு ஜோடி கேபிள் ஆம்பின் டேப் பிளேக்குப் போக வேண்டும். ஆம்பின் டேப் ரெக்கிலிருந்து இன்னொரு ஜோடி டெக்கின் லைன் இன்னுக்கு வர வேண்டும். கேட்பதற்கு மட்டும் என்றால் முதல் ஜோடியே போதும். டின் சாக்கெட்டில் தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. ஐரோப்பியக் கருவிகளுடன் ஒரே கேபிளில் போக்குவரத்து இரண்டையும் முடிப்பதற்காக வைத்த வழி அது. ஆர்சிஏ இருக்கும்போது அதை நாட வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செருகவும் வேண்டாம்.

ஃபோனோ சாக்கெட்டின் பக்கமே போகாதீர்கள். சாக்கெட் ஒன்றுபோல் இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால் ஃபோனோ பகுதி அதை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கும். தட்டில் பதியும்போது குறைத்திருந்த கீழ்ச் சுரங்களை உயர்த்தி, கூட்டியிருந்த மேல் அலைகளைத் தாழ்த்தும் திருத்தத்தையும் அதுவே செய்யும். டெக்கிலிருந்து வருவதோ ஏறக்குறைய முக்கால் வோல்ட். அதை அங்கே செருகினால் தவிலைப் போர்வைக்குள் வைத்து இடிப்பது போன்ற ஒரு சிதைந்த சத்தம்தான் ஸ்பீக்கரில் வரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளை "டேப் ஓடுகிறது, சத்தம் இல்லை" என்று எழுதுவீர்கள். உங்கள் டெக்கில் அழிப்பது, பதிவது, வாசிப்பது என டேப்பைத் தொடும் மூன்று தனித்தனி ஹெட்டுகள் இருக்கின்றன. ஆகவே முன்பக்கத்தில் சோர்ஸ், டேப் என்று ஒரு மானிட்டர் சுவிட்ச் இருக்கும். அது சோர்ஸ் பக்கம் இருந்தால் ஸ்பூல் எவ்வளவு அழகாகச் சுழன்றாலும் லைன் அவுட்டில் டேப்பின் ஒலி வராது. கேட்கும்போது டெக்கிலும் டேப், ஆம்பின் மானிட்டர் சுவிட்சிலும் டேப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சி

தம்பி, கேபிளுக்கு முன்னால் மின்சாரத்தைப் பாருங்கள். பின்பக்கத்தில் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்த பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும். வோல்டேஜ் சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் கனடாவிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது அங்கே வாங்கிய ஸ்பூல் டெக் ஒன்றையும் கப்பலில் அனுப்பினேன். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பதால் நல்ல கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் வாங்கினேன். போட்டால் ஓடியது, ஆனால் பாடுகிற பெண்கள் எல்லாம் ஆண்களாகிவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர மின்சாரத்தின் ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு எத்தனை அலை என்பதை, மாற்றாது. கனடாவில் 60, இலங்கையிலும் இந்தியாவிலும் 50. அந்தக் காலத்து டெக்குகளில் பலவற்றின் மோட்டார் அந்த ஹெர்ட்ஸைப் பின்பற்றித்தான் சுழலும். விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓட வேண்டிய டேப் 16 சென்டிமீட்டர்கூட ஓடவில்லை.

கச்சேரி டேப் வைத்திருப்பவருக்குப் புரியும்படி சொன்னால், ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் நான்கு கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். சிங்கப்பூரும் 50 ஹெர்ட்ஸ் நாடு என்பதால் உங்களுடையது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அங்கே விற்றவற்றில் எல்லா நாட்டுக்கும் உரியவையும் இருந்தன. ஆகவே பின்பக்கத் தகட்டை வாசித்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மாடலுக்கு மாடல் வழி வேறுபடும்: சிலவற்றில் பெல்ட்டை மோட்டார்க் கப்பியின் அடுத்த பள்ளத்துக்கு மாற்றுவார்கள், சிலவற்றில் கப்பியையே மாற்றி மோட்டாரின் கப்பாசிட்டரையும் மாற்ற வேண்டும். ரெவாக்ஸ் ஏ77 போன்ற டெக்குகளில் மோட்டாரின் வேகத்தை ஒரு மின்சுற்று தானே அளந்து நிலைநிறுத்துவதால் அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

மயிலை ரசிகன்

இருவருக்கும் மிக்க நன்றி. வோல்டேஜ் செலக்டர் 240இல் நிற்கிறது. தகட்டில் 50 என்றே இருக்கிறது. உள்ளூரில் ஒருவரிடம் கொடுத்துத் தூசி தட்டி, பெல்ட்டை மாற்றி, இரண்டு கப்பாசிட்டர்களையும் புதிதாகப் போட்டு வாங்கிவந்தேன். ஹெட்டுகளையும் டேப் உரசிச் செல்லும் வழியையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் நானே துடைத்தேன். முதல் மூன்று பஞ்சுகள் காப்பி டிகாக்ஷனில் தோய்த்ததுபோல் வந்தன.

நல்ல செய்தி இத்துடன் முடிகிறது. பெரியப்பாவின் டேப்புகளைத் தொடாமல், ஒன்றும் பதியாத ஸ்பூல் ஒன்றை எடுத்து, இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டைப் பதிந்து பார்த்தேன். ஆம்பின் டேப் பிளே சாக்கெட் தளர்ந்து ஆடியதால், டெக்கின் லைன் அவுட்டை ஆக்ஸில் செருகியிருந்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். ஃபோனோவில் வைத்துப் பதியத் தொடங்கி, எப்படிப் பதிகிறது என்று கேட்பதற்காக ஆம்பின் தேர்வுக் குமிழை ஆக்ஸுக்குத் திருப்பினேன். ஒரு சொல் பத்துச் சொல்லாக எதிரொலித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஐந்து விநாடிக்குள் வீடே அதிரும் ஓலமாகிவிட்டது. பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

இரண்டாவது தொல்லை, டேப் ஓடும்போது அடியில் ஓயாமல் ஒரு "ம்ம்ம்" கேட்கிறது. ஆம்பில் மற்ற எதை வைத்துக் கேட்டாலும் அது இல்லை.

திருகாணி

ஓலத்துக்குக் காரணம் உங்கள் ஆக்ஸ்தான். ஆக்ஸும் டேப் பிளேயும் வாங்கிக்கொள்ளும் அளவில் ஒன்றுதான். ஆம்புக்குள் அவை அமர்ந்திருக்கும் இடம் வேறு.

தேர்வுக் குமிழ் எதைக் காட்டுகிறதோ அதுதான் டேப் ரெக் வழியாக டெக்குக்குப் போகும். நீங்கள் ஃபோனோவில் வைத்திருந்தவரை இசைத்தட்டு போனது. ஆக்ஸுக்குத் திருப்பிய கணத்தில், டெக்கிலிருந்து வருவதையே டெக்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டீர்கள். பதியும் ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் இடையில் மூன்று சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விநாடி ஆகும். நீங்கள் கேட்ட எதிரொலியின் இடைவெளி அதுதான். சுற்றுக்குச் சுற்று அது பெருகியதால் ஓலமாயிற்று. டெக்கின் சுவிட்ச் சோர்ஸில் இருந்திருந்தால் எதிரொலிகூட வராமல் நேராகவே ஓலமிட்டிருக்கும்.

டேப் மானிட்டர் சுவிட்சோ, தேர்வுக் குமிழுக்கும் டேப் ரெக்குக்கும் பிறகு இருக்கிறது. அதைத் தட்டினால் நீங்கள் கேட்பது மட்டும் மாறும்; டெக்குக்குப் போவது இசைத்தட்டாகவே இருக்கும். பதிந்துகொண்டிருக்கும்போதே பதிந்ததைக் கேட்கும் வசதிக்காகத்தான் மூன்று ஹெட் டெக்கும் அந்தச் சுவிட்சும் ஜோடியாகப் பிறந்தன. ஆடும் சாக்கெட்டைப் பற்றவைத்து டேப் பிளேயிலேயே செருகுங்கள். அதுவரை ஆக்ஸ்தான் வேண்டுமென்றால், டெக்கின் லைன் இன் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். லைன் இன் கேபிளைக் கழற்றிவிட்டால் பழைய டேப்புக்கு ஆபத்தில்லை என்று சிலர் நம்புகிறார்கள். கைதவறி ரெக்கார்ட் விசை அழுந்தினால், உள்ளே எதுவும் வராவிட்டாலும் அழிக்கும் ஹெட் தன் வேலையைச் செய்துகொண்டே போகும்; மிஞ்சுவது நிசப்தம். கேசட்டில் ஒரு காதை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய முடியாது. ஸ்பூலில் அப்படி எந்தக் காதும் கிடையாது.

நாதபிந்து

அந்த "ம்ம்ம்" பற்றி. நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளில் அது எர்த் சுழல்தான். டிவியின் செட்டாப் பாக்ஸ் ஆம்புடன் இணைந்திருக்கிறதா? கேபிள்காரர் இழுத்துவந்த கம்பியின் உறை எங்கோ ஒரு கம்பத்தில் எர்த் ஆகியிருக்கும். உங்கள் ஆம்ப் சுவரில் எர்த் ஆகியிருக்கும். இரண்டுக்கும் இடையே ஓடும் சிறு மின்னோட்டம் ஒலியில் கலக்கும். அந்தக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். ஆனால் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

திருகாணி

நாதபிந்து சொல்வது பொதுவாகச் சரிதான். ஆனால் இவருக்கு மற்ற எதிலும் இரைச்சல் இல்லை, டேப் ஓடும்போது மட்டுமே இருக்கிறது. நான் வேறொன்றைச் சந்தேகப்படுகிறேன். மயிலை ரசிகரே, டெக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மயிலை ரசிகன்

ஆம்பின்மேல்தான் ஐயா. ஷெல்ஃபில் வேறு இடமில்லை.

திருகாணி

அப்படியானால் கேபிளில் தேட வேண்டாம். வாசிக்கும் ஹெட் என்பது காந்தப் புலத்தைத் தேடிப் பிடிப்பதற்கென்றே செய்த ஒரு கம்பிச்சுருள். அது டேப்பிலிருந்து பிடிப்பது மில்லிவோல்ட் அளவுக்குக்கூட வராது. அதற்கு ஒரு சாண் கீழே, ஆம்பின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் காந்தப் புலத்தை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது. ஹெட் இரண்டையும் வேறுபாடில்லாமல் வாசிக்கிறது.

சோதிப்பது எளிது. ஒன்றும் பதியாத டேப்பை ஓடவிட்டு, கேபிள்களைக் கழற்றாமலேயே டெக்கை இரு கையாலும் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நகர நகர இரைச்சல் குறைந்தால் காரணம் டிரான்ஸ்ஃபார்மர்தான். எங்கே வைத்தாலும் மாறாமல் இருந்தால் நாதபிந்து சொன்ன வழியில் போங்கள்.

மயிலை ரசிகன்

என் தங்கையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி நகர்த்தினோம். ஆம்பின் இடப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது போலும். அந்தப் பக்கம் போகும்போது உறுமியது, வலப்பக்கம் வரவரத் தேய்ந்தது. ஒன்றரை அடி விலக்கி ஒரு ஸ்டூலின்மேல் வைத்தபோது முற்றிலும் மறைந்துவிட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்தால் டேப்பின் மெல்லிய சீறல் மட்டுமே கேட்கிறது. மூன்று நாள்களாகக் கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

பேட்டைவாசி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது அறுபதுகளின் குருண்டிக் டிகே மோனோ ரெக்கார்டர். அதில் ஆர்சிஏ கிடையாது, டின் மட்டுமே. கடையில் வாங்கிய, டின்னிலிருந்து நான்கு ஆர்சிஏ பிரியும் கேபிளைச் செருகினால், எந்த வண்ணத்தை எதில் போட்டாலும் ஒலி வருவதும் வராததுமாக இருக்கிறது.

திருகாணி

அந்தக் கேபிள்களின் வண்ணத்தை நம்பாதீர்கள். செய்கிறவருக்குச் செய்கிறவர் மாற்றுகிறார்கள். மல்டிமீட்டரை எடுத்து எந்த முள் எந்தப் பிளக்கின் நடுவில் முடிகிறது என்று நீங்களே பார்த்து, ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

டின் பிளக்கில் முட்கள் 1, 2, 3 என வரிசையாக இருக்கமாட்டா. வளைவின் வழியே 1, 4, 2, 5, 3 என்று வரும். பின்புறம் பற்றவைக்கும் இடத்தில் அந்த எண்கள் கடுகளவில் பொறிக்கப்பட்டிருக்கும், பூதக்கண்ணாடி இருந்தால் தெரியும். நடுவிலுள்ள 2 பொதுக் கம்பி. 1, 4 ரெக்கார்டருக்குள் போகும் வழி. 3, 5 அதிலிருந்து வெளியே வரும் வழி. மோனோ ரெக்கார்டர்களில் 3உம் 5உம் பெரும்பாலும் உள்ளேயே சேர்ந்திருக்கும். ஆகவே கேட்பதற்கு 3இலிருந்து வரும் பிளக்கை ஆம்பின் ஆக்ஸிலோ டேப் பிளேயிலோ செருகினால் போதும்.

பதிவதில்தான் சிக்கல். டின் முறையில் உள்ளே போக வேண்டிய அளவு ஃபோனோவைப்போல் சில மில்லிவோல்ட்தான். இன்றைய கருவிகளிலிருந்து வரும் ஒன்று, இரண்டு வோல்ட்டை நேரே கொடுத்தால், பதிவுக் குமிழை அடியில் வைத்தாலும் கரகரவென்று சிதையும். 1ஆம் முள்ளுக்குப் போகும் கம்பியில் 470 கிலோ ஓமிலிருந்து ஒரு மெகா ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் பற்றவையுங்கள். அதை டின் பிளக்கின் உள்ளேயே, ரெக்கார்டர் பக்கத்தில் வைக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால் கேபிளின் நீளமே மேல் அலைகளைத் தின்றுவிடும்.

மயிலை ரசிகன்

கச்சேரி டேப்புகள் இரண்டைக் கேட்டு முடித்தேன். எழுபதுகளின் சபா அரங்கில், மேடைக்கு எதிரே நான்காவது வரிசையில் மைக்கை வைத்ததுபோல் இருக்கிறது. அடுத்து "வீடு" என்று எழுதிய பெட்டியை எடுத்தேன். இடப்பக்க ஸ்பீக்கரில் என் பாட்டி யாருக்கோ ஒரு கீர்த்தனையைச் சொல்லிக்கொடுக்கிறார். வலப்பக்க ஸ்பீக்கரில் வேறு யாரோ புரியாத மொழியில் பேசுகிறார்கள்; ஒவ்வொரு சொல்லும் மூச்சை உள்ளே இழுப்பதுபோல் முடிகிறது. மின்சுற்றில் கோளாறா?

நாதபிந்து

மின்சுற்றில் கோளாறில்லை. பழைய மோனோ பதிவாக இருக்கும்; ஆம்பில் மோனோ பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.

ஒலிக்கிடங்கு

நாதபிந்து, மோனோவை அழுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். அவருக்கு வலப்பக்கம் கேட்பது புரியாத மொழியன்று. தமிழ்தான், பின்னோக்கி ஓடுகிறது.

அகாய் 4000டிஎஸ் கால்தட ஸ்டீரியோ. அதாவது கால் அங்குல டேப்பின் அகலத்தை மேலிருந்து கீழாக நான்கு தடங்களாகப் பிரித்தால், முதல் பக்கத்துக்கு 1, 3 ஆகிய தடங்களும், ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பயன்படும். ஆனால் "வீடு" டேப்பைப் பதிந்தது இந்த டெக்காக இருக்காது. பெரியப்பா இதை வாங்குவதற்கு முன்பு, பேட்டைவாசி வைத்திருப்பதைப் போன்ற அரைத்தட மோனோ ரெக்கார்டர் ஒன்றில் பதிந்திருப்பார். அதில் மேல் பாதி முழுவதும் ஒரு பக்கம், கீழ் பாதி முழுவதும் மறுபக்கம். உங்கள் டெக்கின் இடது வாய்க்கு (சேனலுக்கு) உரிய 1ஆம் தடம் மேல் பாதியில் விழுகிறது, பாட்டியின் குரல் நேராகக் கேட்கிறது. வலது வாய்க்கு உரிய 3ஆம் தடம் கீழ் பாதியில் விழுகிறது. அங்கே மறுபக்கத்தில் பதிந்தது வாலிலிருந்து தலைக்கு ஓடுகிறது.

மோனோ பொத்தான் செய்வது இரு பக்கத்தையும் கூட்டி இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுப்பதுதான். பாட்டியின் குரல்மேலேயே அந்தப் பின்னோக்கிய பேச்சு ஏறிவிடும். அதற்குப் பதிலாக டெக்கின் வலது லைன் அவுட்டிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, இடது லைன் அவுட்டில் ஒன்று இரண்டாகப் பிரியும் ஆர்சிஏ பிளக்கைப் போட்டு, ஆம்பின் இரு பக்கத்துக்கும் கொடுங்கள். ரிச்சி தெருவில் அள்ளிக் குவித்திருப்பார்கள். ஓர் அவுட்டை இரண்டு இன்னுக்குப் பிரிக்கலாம். இரண்டு அவுட்டை முறுக்கி ஒரே இன்னுக்குக் கொடுக்கக் கூடாது.

கணினியில் ஏற்றும் எண்ணம் இருந்தால் இதிலேயே ஒரு வசதி உண்டு. லைன் அவுட்டின் இரு பக்கத்தையும் அப்படியே ஸ்டீரியோவாக ஏற்றிக்கொண்டு, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் இரண்டாகப் பிரித்து, வலதை மட்டும் தலைகீழாகத் திருப்பினால் மறுபக்கமும் கிடைத்துவிடும். பழைய டேப்பை ஒருமுறை குறைவாக ஓட்டினால் ஒருமுறை குறைவாகத் தேயும்.

நாதபிந்து

ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். தடக் கணக்கை மறந்தே போனேன்.

தாமிரபரணி

என்னிடம் பழைய ஆம்ப் இல்லை. வீட்டுத் திரையரங்குக்கான ஏவி ரிசீவர் மட்டுமே உண்டு. அதில் டேப் என்ற பெயரில் எதுவும் இல்லையே, நான் என்ன செய்வது?

ஒலிக்கிடங்கு

சிடி, ஆக்ஸ் என்ற பெயரில் ஆர்சிஏ இன் எது இருந்தாலும் அதில் செருகுங்கள், நன்றாகவே ஒலிக்கும். அத்தகைய ரிசீவர்களில் பெரும்பாலானவை உள்ளே வரும் ஒலியை முதலில் எண்களாக மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். டைரக்ட் என்ற நிலை இருந்தால் அதில் வைத்துக் கேளுங்கள். பதிவதற்குத் திரும்பிச் செல்லும் வழி அதில் இல்லையென்றால், எதிலிருந்து பதியப்போகிறீர்களோ அந்தக் கருவியின் அவுட்டை நேரே டெக்கின் லைன் இன்னுக்குக் கொடுங்கள். சிடி பிளேயரின் இரண்டு வோல்ட் சற்று அதிகம்தான், ஆனால் டெக்கின் லைன் குமிழைக் குறைத்தால் ஒலி அளவைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போகாது.

டெக் கால்தடமா அரைத்தடமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அரைத்தட டெக்கில் கால்தட டேப்பைப் போட்டால் இரு பக்கமும் ஒருசேரக் கேட்கும், அதைக் கேபிளால் சரிசெய்ய முடியாது.

வடமராட்சி

டேப்பைப் பற்றியும் ஒரு சொல். கீச்சென்று அழுதால் உடனே நிறுத்துங்கள். எழுபதுகள், எண்பதுகளின் சில டேப்புகளில் காந்தத் துகளை ஒட்டிவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஹெட்டில் பழுப்புப் பிசினாக ஒட்டும். அவற்றைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைத்து உலர்த்துவார்கள், ஆனால் அது எல்லா டேப்புக்கும் பொருந்தாது. ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். சுற்றின் ஊடே ஒளி கசிந்தால் அது அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த டேப், அதைச் சூடாக்கவே கூடாது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மூக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைக்க வேண்டும்.

மயிலை ரசிகன்

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் அண்ணா, பதினான்கில் மூன்று அசிடேட். பூஞ்சை எதிலும் இல்லை. வேட்டி காப்பாற்றியிருக்கிறது போலும்.

இப்போதுள்ள நிலை இது. டேப் பிளே சாக்கெட்டைப் பற்றவைத்தாயிற்று. லைன் அவுட் அதில் செருகியிருக்கிறது, லைன் இன் கேபிளை டிராயரில் போட்டுவிட்டேன். ரெக்கார்ட் விசையின்மேல், திருகாணி ஐயா சொன்னதை நினைத்து, ஒரு பட்டை ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். ஒலிக்கிடங்கு சொன்ன பிரியும் பிளக் நாற்பது ரூபாய்.

இடது வாயை மட்டும் இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுத்து "வீடு" டேப்பை 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் தொடக்கத்திலிருந்து கேட்டோம். பாட்டி சொல்லிக்கொடுப்பது என் அத்தைக்கு. சரணத்தின் இரண்டாம் வரியில் அத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறுகிறார். பின்னால் யாரோ பாத்திரம் விளக்குகிறார்கள். கணினியில் ஏற்றி, வலப்பக்கத்தைத் திருப்பியும் கேட்டேன். மறுபக்கத்தின் முதல் இரண்டு நிமிடங்கள் முழுவதும் பெரியப்பா மைக்கைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பிறகு பாட்டியின் குரல், மைக்குக்கு மிக அருகில்: "ஏண்டா, இது ஓடறதா, இல்லையா?"